மெய்ப்பாடும் மெய்யுணர்வும்: அகப்பாட்டில் தலைவியின் உடற்குறிகள்

1

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், திறனாய்வாளர் பலரால் சுவைக்கொள்கை என்னும் ஒருவழி நின்றே ஆராயப்பட்டு வந்துள்ளது. நகை முதல் உவகை ஈறாகிய எட்டும், அவை ஒவ்வொன்றும் நந்நான்காய் விரியும் முறையும், வடமொழி நாட்டிய நூலார் கூறும் சுவைகளோடு அவற்றுக்குள்ள உறவும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆயின் அவ்வியலின் பிற்பகுதியில், களவொழுக்கத்தின்கண் தலைமகள்பால் தோன்றும் குறிகளை ஆறு கூறுகளாக்கி ஆசிரியர் உரைக்கும் நூற்பாக்கள் அத்துணை ஆராய்ச்சிக்கு உரியன ஆகவில்லை. வகுப்பறையில் அவற்றை விரைந்து கடந்து செல்வாரும் உளர். கற்பிப்பார் நாணவும் கற்பார் தலைகுனியவும் நூற்பா பொருளின்றி ஒழிகின்றது.

இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்று. காம எழுச்சியால் பெண்ணின் உடம்பில் நிகழும் மாற்றங்களை நோயென்றோ இழுக்கென்றோ கொள்ளாமல் இயல்பென்று கண்டது தமிழ் அகமரபு. அதனோடு, அக்குறிகளைப் புறத்தே நின்று காண்பவர் கொள்ளும் பொருளும் அகத்தே உணர்பவள் கொள்ளும் பொருளும் ஒன்றல்ல என்பதையும் அம்மரபு அறிந்திருந்தது. முன்னதை ஏற்றுப் பின்னதைக் கைவிடுவோர் மெய்ப்பாட்டு நூற்பாக்களின் பாதியையே கற்றவராவர்.

2

மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி புறத்தார்க்குப் புலனாமாறு மெய்யின்கண் வெளிப்படுதல் என்பர் உரையாசிரியர். ஆகவே, காண்பார் ஒருவர் இன்றி மெய்ப்பாடு இல்லை. இவ்விலக்கணத்தை மனத்துட்கொண்டு ஆறு கூறுகளையும் நோக்குதல் வேண்டும்.

முதற்கூறு தலைவனது நோக்கை எதிர்கொள்ளும் முகத்தில் தொடங்குகின்றது. நெற்றியில் வியர்வை அரும்புகின்றது. உள்ளே எழுந்த நகையை அவள் மறைக்கின்றாள். தன் நிலைகுலைவைப் பிறர் அறியாமல் காக்கின்றாள். இரண்டாம் கூறில் கூந்தல் விரிகின்றது. காதணி ஒன்று நீங்குகின்றது. கைகள் அணிகளைத் தடவுகின்றன. உடை பெயர்த்து உடுக்கப்படுகின்றது. மூன்றாம் கூறு அல்குலைத் தைவரும் கையினைக் கூறித் தொடங்கி, அணிந்தவற்றைத் திருத்தலையும், வன்மை குன்றியவிடத்தும் அஃது உடையாள்போல் காட்டிக்கொள்ளுதலையும் அடக்குகின்றது. நான்காவது சொல்லிலும் நாணிலும் நிகழும் மாற்றங்களைக் கூறும். ஐந்தாவது தெரிந்து உடம்படுதலை முதலாக உடையது. ஆறாவது பிரிவினால் வரும் தளர்ச்சியைப் பற்றியது.

இவை யாவும் ஒரே தன்மையன அல்ல. கூர்ந்து நோக்குவார்க்கு மூவகை புலனாகும். வியர்த்தல் அவள் விருப்பத்தைக் கேட்டு நிகழ்வதன்று. அது தானே வருவது. நகையை மறைத்தலும் ஆடையைத் திருத்தலும் தானே வந்த ஒன்றற்கு அவள் செய்யும் எதிர்வினைகள். தெரிந்து உடம்படுதலோ ஆராய்ச்சியின் பயனாய் அவள் மேற்கொள்ளும் முடிவு. உடம்பு செய்வது, உடம்பைக் குறித்து அவள் செய்வது, அவள் உள்ளம் தெளிந்து செய்வது என இவற்றைப் பிரித்துக் கொள்ளலாம். உரைகளில் இவ்வகைப்பாடு இவ்வாறு கூறப்படவில்லையாயினும் நூற்பாக்களின் அமைப்பு இதற்கு இடந்தருகின்றது.

அல்குல் என்னும் சொல்லின் பொருள்பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இடைக்குக் கீழ்ப்பட்ட பக்கம் என்பாரும், பெண்குறி என்பாரும், இடத்திற்கேற்ப இரண்டும் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும் ஒன்று தெளிவு. ஆசிரியர் தம் நூலில் அவ்வுறுப்பை ஒதுக்கவில்லை. நெற்றியையும் கூந்தலையும் சொல்லிய அதே நடையில், இழித்தும் பழித்தும் கூறாது, அதனையும் எண்ணினார். பொருளதிகாரத்துள் அதற்கு இடம் உண்டெனின் பாடஞ்சொல்லும் அவையிலும் இடம் உண்டு.

3

இக்காலத்து உடலியல் இதுபற்றிக் கூறுவன யாவை எனச் சுருங்கக் காண்பது ஈண்டுப் பயன்படும். அமெரிக்க நாட்டு வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் ஆகிய இருவரும் 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வுக்கூடத்தில் நேரிற் கண்டு ஆராய்ந்து, 1966-இல் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டனர். எழுச்சி, மேனிலை, உச்சம், தணிவு என நான்கு நிலைகளை அவர்கள் வகுத்தனர். நெஞ்சத் துடிப்பு விரைதல், மூச்சு மிகுதல், தோலின்கண் செம்மை படர்தல், முலைக்காம்பு இறுகுதல், தசைகள் முறுகுதல் ஆகியன அவர்கள் கண்ட மாற்றங்களுட் சில. பிறப்புறுப்புப் பகுதியில் குருதி நிறைவதால் வெம்மையும் கனமும் துடிப்பும் தோன்றும். உட்சுவரில் ஈரம் கசியும். எழுச்சி தணியுங்கால் இவை படிப்படியாக நீங்கும்.

இவற்றுட் பெரும்பாலன தன்னியக்க நரம்புகளின் வழிப்பட்டன. 'வருக' என்றால் வாரா; 'நிற்க' என்றால் நில்லா. அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருத்திக்கே நாளுக்கு நாள் வேறுபடும். அகவை, மாதச்சுழற்சி, மகப்பேறு, பாலூட்டல், மாதவிடாய் நிற்றல், சில மருந்துகள் ஆகியன கசிவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன. கசிவு மிகுந்தமையால் ஒருத்தி இழுக்குடையவள் ஆகாள். குறைந்தமையால் அன்பற்றவளும் ஆகாள். நோவு ஒன்றே இயல்பெனப் பொறுத்துக்கொள்ளத் தகாதது; அதற்கு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நால்நிலை வரிசை எல்லா மகளிர்க்கும் பொருந்துமா என்னும் ஐயமும் பின்னர் எழுந்தது. கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-இல் வெளியிட்ட கருத்தின்படி, பல பெண்களுக்கு வேட்கை முதலிலும் எழுச்சி பின்னுமாக வருவதில்லை. நெருக்கத்தை நாடி அணுகியபின் உடம்பு எழுச்சி கொள்ளவும், அதன்பின் வேட்கை தோன்றவும் கூடும். எனவே வேட்கை முந்தாமை குறையன்று.

சங்கப் பாடல்களில் இவ்வுடலியல் முழுதும் உண்டென நாட்டுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. அவ்வாறு நாட்டுதல் இரு துறைக்கும் இழுக்காம். தொல்காப்பியர் கண்டவை புறத்தார் காணத்தக்க குறிகள் மட்டுமே. நெஞ்சத் துடிப்பும் உள்வெம்மையும் கசிவும் காண்பார்க்குப் புலனாவன அல்ல, உணர்வாளுக்கே உரியன. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைத்தல் இல்லை எனக் களவியலில் விதித்த ஆசிரியர், அவ்வேட்கை வெளிப்படுமாற்றிற்கு நீரை உவமையாக்கினார். புதுமட்கலத்துள் வார்த்த நீர் புறத்தே பொசிந்து தோன்றுவது போல என அதனை விரித்தனர் உரையாளர். இவ்வுவமையின் நயம் நன்கு உணரத்தக்கது. கலத்தின் புறத்தே காணும் ஈரம் உள்ளே நீர் உண்டென்பதை உணர்த்தும். எவ்வளவு உண்டென்பதையோ, எதற்கென வார்த்தது என்பதையோ உணர்த்தாது.

4

புறக்குறியைக் கண்டு அகப்பொருளைப் பிழைபடக் கொள்வதால் விளையும் கேட்டைச் சங்கப் புலவர் ஒரு துறையாகவே பாடியுள்ளனர். அதுவே வெறியாட்டு. மகளின் மேனி வேறுபட்டதைத் தாய் காண்கின்றாள். முருகனால் வந்த நோய் எனக் கட்டுவிச்சியும் வேலனும் கூற, களம் இழைத்துப் பலியிட்டு வழிபாடு நிகழ்கின்றது. மறி அறுபடுகின்றது. நோய் தணிவதில்லை, தணிதற்கு அது நோயும் அன்று. ஐங்குறுநூற்றில் கபிலர் 241 முதல் 250 வரையுள்ள வெறிப்பத்தை இப்பொருள்மேல் பாடினார். நற்றிணை 34-ஆம் பாட்டில் தோழி, வேலன் அழைக்க வந்த முருகனையே நேர்நின்று இடித்துரைக்கின்றாள். இவள் வருத்தம் நின்னால் வந்ததன்று என அறிந்தும் அவன் அழைக்க வந்தாய் ஆகலின், நீ கடவுளே ஆயினும் அறியாமை உடையை என்பது அவள் கூற்றின் கருத்து.

இத்துறையை நகைச்சுவைக்கென அமைந்த நாடக உத்தி என்று கொள்வாருண்டு. அக்கொள்கை போதாது. அகமரபு காமத்தை நோய் என்னும் சொல்லாற் குறித்தல் பெருவழக்கு. அது புலவன் ஆளும் உருவகம். தாய் அவ்வுருவகத்தை உருவகமென்று அறியாமல் உண்மை நோயாகவே கொண்டு மருந்து தேடுகின்றாள். அவள் தீயவள் அல்லள், அன்பினாலேயே பிழைக்கின்றாள். உடம்பின் இயல்பான மாற்றத்தை அணங்கென்றும் பிணியென்றும் அன்புடையாரே கொள்ளுங்கால், உணர்பவள் வாய் திறக்க வழியில்லை என்பதே இத்துறையின் துயரம்.

அகநானூற்று 22-ஆம் பாட்டு இத்துறையின் உச்சம் எனலாம். பாடியவர், பெண்பாற் புலவருள் வைத்து எண்ணப்பெறும் வெறிபாடிய காமக்கண்ணியார். முதுபெண்டிர் சொற்கேட்டுத் தாய் நள்ளிரவில் வெறி எடுக்கின்றாள். மனை முழுதும் பாட்டொலி நிறைகின்றது. அந்த இரவிலேயே காவலர் அறியாமல், இரைதேடி மறைந்தியங்கும் புலிபோலத் தலைவன் வருகின்றான். அவன் தழுவுந்தோறும் உயிர் நெகிழ்ந்து மெய் பூரித்ததையும், தன் வருத்தத்திற்கு யாதொரு தொடர்பும் இல்லாத வேலன் வீணே உழைத்ததைக் கண்டு தான் நகைத்ததையும் தலைவியே உரைக்கின்றாள்.

ஈண்டு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, மெய்யின் பூரிப்பைக் கூறுபவள் அதனை உணர்ந்தவளே. மெய்ப்பாட்டியலில் புறத்தார் காணும் குறியாக நின்றது இப்பாட்டில் உணர்வாள் மொழியும் அனுபவமாக மாறியுள்ளது. மற்றொன்று, மெய்ப்பாட்டியலின் முதற்கூறில் மறைக்கப்பட்ட நகை இப்பாட்டில் மறைக்கப்படவில்லை. தன் உடம்பில் நிகழ்வது யாதென அவள் அறிவாள். அறிந்தமையால் அச்சம் இல்லை. அச்சம் இன்மையால் நகை பிறந்தது. வேலன் வெறியால் தீராதது தன்னறிவால் தெளிந்தது.

வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 27-ஆம் பாட்டையும் இதனோடு வைத்து எண்ணலாம். கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் நல்லாவின் பால் நிலத்திற் சிந்தினாற்போல, தன் மாமைக் கவின் தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு உணவாவதைத் தலைவி கூறுகின்றாள். அவளது கூற்றில் 'தனக்கு' என்பது முன்னும் 'தலைவனுக்கு' என்பது பின்னும் நிற்கின்றன. உடம்பின் நலம் முதற்கண் அவளுக்கே உரியது. பின்னரே அவனுக்கு உதவுவது. இவ்வைப்பு முறை பாட்டின் உயிர்நிலை என்பது எம் கருத்து.

5

தலைவன் ஒருவன் மெய்க்குறியை எங்ஙனம் கொள்கின்றான் என்பதற்கு அகநானூற்றில் திருமண இரவைப் பாடும் இரு பாட்டுகள் நல்ல எடுத்துக்காட்டுகள். இரண்டினும் பேசுவோன் கணவனே.

136-ஆம் பாட்டில் புத்தாடையால் மெய்ம்முழுதும் போர்த்திருக்கும் மணமகளின் நெற்றியில் வியர்வை அரும்புகின்றது. மெய்ப்பாட்டியலார் முதற்கூறில் சொன்ன அதே குறி. கணவனோ புழுக்கத்தால் வந்தது என அதற்குக் காரணம் காட்டி, காற்று ஆற்றுமாறு போர்வையைச் சிறிது திறக்கச் சொல்கின்றான். புழுக்கமும் உண்டு, நாணமும் உண்டு, அச்சமும் உண்டு, வேட்கையும் இருக்கலாம். உரைமரபு இவ்வியர்வையை அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்தே விளக்கி வந்துள்ளது. பரதர் கூறும் எட்டுச் சாத்துவிக பாவங்களுள்ளும் வியர்வையும் மயிர்க்கூச்சும் நடுக்கமும் நிறமாற்றமும் அடங்கும். அவை ஒரு சுவைக்கே உரியன அல்ல. உடலியலும் இதனையே வலியுறுத்தும். விரைந்த துடிப்பும் வியர்வையும் காமத்திற்கும் அச்சத்திற்கும் பொதுவாவன. ஒரு குறிக்குப் பல காரணம் உண்டாகலின், குறிகொண்டு காரணத்தை ஒருதலையாகத் துணிதல் கூடாது.

86-ஆம் பாட்டின் கணவன் வேறு நெறியினன். மணமகள் அஞ்சி மூச்செறிகின்றாள். அம்மூச்சுக்குத் தானே பொருள் கற்பியாமல், அவள் நெஞ்சம் எண்ணியதை ஒளியாது உரைக்குமாறு அவளையே வினவுகின்றான். அவள் உள்ளே உவகை நிறைந்தும் முகம் தாழ்த்துகின்றாள். அச்சமும் உவகையும் ஒரு மெய்யில் ஒருங்கு நின்றதை இப்பாட்டு மறைக்கவில்லை. மூச்சைக் கண்டு தானே முடிவு செய்யாது அவளை வினவியமையே அவன் பெருமை. இரு பாட்டும் இனிய பாட்டுகளே. ஆயினும் மெய்ப்பாட்டைக் கற்கும் முறைக்கு 86-ஆம் பாட்டே இலக்கணமாகத் தக்கது.

6

இவ்விடத்தில் ஓர் ஆராய்ச்சி முடிபு நினைவுகூரத்தக்கது. 1969-க்கும் 2007-க்கும் இடையே வெளிவந்த 132 ஆய்வுகளைத் தொகுத்து, மெரிடித் சிவர்சும் உடன் ஆராய்ந்தோரும் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உறுப்பில் அளக்கப்படும் எழுச்சிக்கும், 'எழுச்சி உற்றேன்' எனத் தாமே கூறுவதற்கும் உள்ள இயைபை அவர்கள் கணக்கிட்டனர். ஆடவர்பால் அவ்வியைபு 0.66 ஆகவும் மகளிர்பால் 0.26 ஆகவும் அமைந்தது. அதாவது பெண்ணின் உறுப்பில் மாற்றம் நிகழ்வதனாலேயே அவள் உள்ளம் விழைந்தது என்று கொள்ள முடியாது; உள்ளம் விழைந்தும் உறுப்பு மாறாதிருத்தலும் கூடும். இரண்டும் இயல்பே. இதன் விளைவு பெரிது. விரும்பாத நிலையில் உடம்பு எழுச்சிக்குறி காட்டியது என்பதனால் ஒருத்தி தன்னைத் தானே வெறுக்க வேண்டுவதில்லை. பிறர் அதனை உடன்பாடெனக் காட்டித் தப்பவும் இயலாது.

தொல்காப்பியர் வியர்வையை முதற்கூறிலும் தெரிந்து உடம்படுதலை ஐந்தாம் கூறிலும் வைத்ததன் பொருத்தம் இப்பொழுது விளங்கும். ஆறு கூறுகளும் கால வரிசையே எனக் கொள்ள வேண்டுவதில்லை. உரையாளர் அவற்றை நிகழ்ச்சிகளோடு பொருத்துமிடத்துத் தத்தம் கருத்துக் கூறுவர். வரிசை எதுவாயினும், உடம்படுதல் தனியே எண்ணப்பட்டது என்பது மறுக்கவொண்ணாதது. வியர்வையே உடன்பாடாயின் பின்னொரு கூறில் உடம்படுதலை வேறு எண்ண வேண்டுவதில்லை. அதற்கும் தெரிதல் என்னும் அடை தந்து, அஃது ஆராய்ச்சியின் பாற்பட்டது என ஆசிரியர் வரையறுத்தார். அக்கூறிலேயே திளைத்தலை மறுத்தலும் எண்ணப்பட்டுள்ளது. குறிகள் பலவும் தோன்றிய பின்னரும் மறுத்தற்கு அவளுக்கு இடமுண்டு என்பதே இதன் பயன்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். கண்ணோடு கண் நோக்கு ஒத்தவிடத்து வாய்ச்சொல்லால் பயனில்லை என்று வள்ளுவர் குறிப்பறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் கூறினாரன்றோ எனின், கூறினார். ஆயின் அக்குறளின் உயிர், ஒத்தல் என்னும் நிபந்தனையில் உள்ளது. இருவர் நோக்கும் ஒக்க வேண்டும். ஒருவர் நோக்கி மற்றவரைத் துணிதல் ஒத்தல் ஆகாது. நோக்குதல் விருப்பொடு செய்யும் தொழில்; வியர்த்தல் அன்னதன்று. ஆகவே அக்குறள் இம்முடிபுக்கு மாறாகாது.

மற்றொரு தடை. பெண் தன் வேட்கையைத் தலைவன்முன் சொல்லுதல் இல்லை என்ற விதியே அவளை ஊமையாக்கிக் குறியையே நம்பச் செய்ததன்றோ என்பது. இத்தடையில் உண்மை உண்டு. அவ்விதி அக்காலச் சமுதாயம் பெண்ணின் சொல்மேல் இட்ட எல்லை; அதனை இன்று போற்ற வேண்டுவதில்லை. ஆயின் வெள்ளிவீதியாரும் காமக்கண்ணியாரும் அவ்வெல்லைக்குள் நின்றே வழி கண்டனர். தலைவனை நோக்கிச் சொல்லலாகாததைத் தோழியை நோக்கியும் தன் நெஞ்சை நோக்கியும் சொல்வித்தனர். இலக்கணம் புறக்குறியோடு நின்றவிடத்து இலக்கியம் உணர்வாளின் சொல்லாக நிறைந்தது.

7

இதுகாறும் கூறியவற்றால், மெய்ப்பாட்டியலின் இப்பகுதியை நாணி ஒதுக்குதலும், பெண்ணின் உள்ளத்தைத் திறக்கும் திறவுகோலெனப் புகழ்தலும் பிழை என்பது பெறப்படும். குறிகள் இயல்பானவை; ஆகலின் நாணத்தக்கன அல்ல. குறிகள் பல பொருளன. ஆகலின் திறவுகோலும் அல்ல.

பரணர் குறுந்தொகை 399-ஆம் பாட்டில் பசலையை ஊருண் கேணிப் பாசிக்கு உவமித்தார். தொடுந்தோறும் விலகி, விடுந்தோறும் பரவுவது அது. மேனியின் மாற்றத்தை அணங்கின் செயலென்னாது அன்பரின் தீண்டலோடும் நீங்கலோடும் பொருத்திக் கண்ட அக்கண்ணே ஆராய்ச்சிக்கண். கண்ணாலும் செவியாலும் திட்பமுற உணரும் உணர்வுடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் கொள்ளுதல் அரிது என ஆசிரியர் இவ்வியலை முடித்தார். கண்ணோடு செவியையும் அவர் சேர்த்தமை கருதத்தக்கது. கண்டவளவில் அமையாது கேட்கவும் வேண்டும் என்னும் கருத்தினை அதினின்று நாம் கொள்ளலாம். அங்ஙனம் கொள்ளின், இந்நூற்பாக்களை முதுகலை மாணவியர் தம் உடம்பைப் பற்றிய அச்சம் நீங்கிப் பயிலலாம். மாணவர், பிறள் ஒருத்தியின் மெய்க்குறிக்குத் தாமே பொருள் சொல்லும் துணிவு நீங்கிப் பயிலலாம்.